டாய்லெட்டிலா குழந்தைக்குச் சாப்பாடு?

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு, 'எங்கே உட்கார்ந்து பால் எடுப்பது?' என்பதே பெரிய கவலை. நேரத்துக்கு எடுக்காவிட்டால், பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிடும். என் தோழி தன் ஆபீசில் இடம் கேட்டதற்கு, 'டாய்லெட் இருக்கே, போம்மா' என்றாராம் மேலதிகாரி. டாய்லெட்டில் வைத்து யாராவது குழந்தைக்குச் சோறு பிசைவோமா?

1961-ல் வந்த பேறுகாலச் சட்டமே, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பாலூட்ட தினமும் 2 இடைவேளை கொடுத்தது. 2015-ல் தமிழக பஸ் ஸ்டாண்டுகளில்கூட பாலூட்டும் அறை வந்தது. ஆபீசில் மட்டும் இடமில்லையா?

உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர், பம்புக்கு ஒரு பிளக் பாயின்ட்... ஸ்டோர் ரூமில் ஒரு மூலையைத் தடுத்துக் கொடுத்தாலே போதுமே! எடுத்த பால், குளுமையான அறையிலேயே 4 மணி நேரம்தான் தாங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

தோழிகளே, லீவு முடியும் முன்பே இதை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வீட்டிலிருக்கும் நாமும் மகளுக்கும், மருமகளுக்கும் தைரியம் சொல்லி அனுப்புவோம். அம்மா ஆபீசில் இருந்தாலும், குழந்தைக்குப் பசிக்கத்தானே செய்யும்?