வெளியேற வேண்டியவர் யார்?

‘இவ்வளவு அடி வாங்கிக்கொண்டு ஏன் அங்கேயே கிடக்கிறாள்?’ என்று கேட்கும் அதே ஊர்தான், அவள் பிறந்த வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கினால், ‘எப்போது திரும்பிப் போகிறாள்?’ என்றும் கேட்கிறது. அடித்தவன் வீட்டில் இருக்க, அடிபட்டவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. 19-வது பிரிவின்படி, வன்முறை செய்யும் ஆணை வீட்டைவிட்டு வெளியேறும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ‘வீடு மாமனார் பெயரில் இருக்கிறது’ என்று கையை விரிக்கும் வழக்கத்துக்கும் 2020-இல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. அந்த ஒரே காரணத்துக்காக அவளுடைய உரிமையை மறுக்க முடியாது. உயிருக்குப் பயந்து இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டாலும் உரிமை போய்விடாது என்பதை 2022-இல் வந்த இன்னொரு தீர்ப்பு உறுதி செய்தது.

பிறகு எங்கே சிக்கல்? சமாதானத்தில்தான்.

நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் ஒன்று 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பெண் தயங்காமல் படியேற வேண்டும் என்பதே நோக்கம். ஏறியபின் நடப்பது வேறு. இரு வீட்டாரும் வரவழைக்கப்படுகிறார்கள். ‘பிள்ளைங்க முகத்தைப் பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’ என்று அறிவுரை சொல்லப்படுகிறது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில், ‘இனி சண்டையிட மாட்டோம்’ என்று இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அடித்தது ஒருவர், எழுதிக் கொடுப்பது இருவர்! வீடு திரும்பியதும், ஸ்டேஷனுக்குப் போனதற்கும் சேர்த்து விழுகிறது.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம் மட்டுமே. கேட்டால் என்ன கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கேட்பார்களா?

சிக்கல் எழும் இன்னொரு இடம், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பக்கத்தில் மாமியார் நிற்க, ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்’ என்கிறாள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறுகிறது. பின்னால் வழக்கு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, ‘யார் அடிச்சாங்க?’ என்று கேட்க மருத்துவருக்கு ஒரு நிமிடம் போதும். கேட்பவர்கள் குறைவு.

வழக்குத் தொடர புகுந்த வீட்டு ஊருக்கே அலைய வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100. ஒருங்கிணைந்த சேவை மையங்களில் சில நாள் தங்க இடமும் ஆலோசனையும் கிடைக்கும். கிளம்பும் முடிவைக் கணவனிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பெரும் ஆபத்து அந்த நேரத்தில்தான். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை நம்பகமான ஒருவரிடம் முன்பே கொடுத்து வைப்பது நல்லது.

மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் வாய்தா மேல் வாய்தாதான் நடைமுறை. பல தாலுகாக்கள் கொண்ட மாவட்டத்தின் மனுக்களெல்லாம் ஒரு பாதுகாப்பு அலுவலர் மேசையில் குவிந்தால் வேறென்ன நடக்கும்? விழிப்புணர்வுப் பதாகைகளுக்குச் செலவிடும் பணத்தில் தாலுகாவுக்கு ஓர் அலுவலரை நியமிக்கலாம்.

பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் டிவி ஒலியைக் கூட்டாதீர்கள். பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது எந்த வழக்கும் போட முடியாது என்று சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது.