வானவழி வரும் குருதி

நகரத்தில் ஒரு மருத்துவமனைக்கும் மற்றொன்றுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது; அதனைக் கடக்கும் காலமோ பெரிது. ஆதலின், ட்ரோன் என வழங்கும் ஆளில்லாச் சிறுவிமானத்தில் மருந்தும் குருதியும் அனுப்பலாகாதோ என்னும் வினா எழுந்தது இயல்பே. அனுப்பலாம் என்பதே எம் கருத்து. ஆயினும், எதனை, எவ்விடத்திலிருந்து, எவ்விடத்துக்கு என்பதில் ஒரு வரையறை வேண்டும் என்போம்.

இலண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் கைஸ், செயின்ட் தாமஸ் என இரு மருத்துவமனைகள் உள. குருதிப்போக்கினால் இடர் நேரக்கூடிய நோயாளருக்குச் சத்திர சிகிச்சை செய்யுமுன் சோதித்தற்குரிய குருதியை, 2024-ஆம் ஆண்டின் இறுதியில், ஒன்றன் கூரையிலிருந்து மற்றதற்குச் சிறுவிமானத்தில் அனுப்பிச் சோதனை தொடங்கினர். தரைவழியில் அரைமணிக்கு மேல் ஆகும் அப்பயணம் வானில் இரண்டு நிமிடத்துள் அடங்கிற்று. மேசைமேற் கிடக்கும் நோயாளிக்கு அவ்வரைமணியின் விலை இன்னதென்று யாம் சொல்லவும் வேண்டுமோ?

பறக்குங்கால் குருதி குலுங்கிக் கெடாதோ எனின், அதுவும் ஆராயப்பட்டது. 2023 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் தில்லியை அடுத்த பகுதியில் குருதிப் பைகளை வானில் அனுப்பியதோடு, ஒப்புநோக்குதற்பொருட்டு ஆம்புலன்சிலும் அனுப்பினர். மேலும், குருதியின் தட்டணுக்கள் ஐந்து நாளே நிற்பன. ஒவ்வொரு மருத்துவமனையும் அவற்றைத் தனித்தனியே சேமித்து வீணாக்குவதினும், ஓரிடத்தில் வைத்து வேண்டுங்கால் விரைந்து அனுப்புதல் நன்று. மலைநாடாகிய ருவாண்டாவில் 2016 முதல் இம்முறை நடைபெற, காலங்கடந்து கெடும் குருதியின் அளவு பெரிதும் குறைந்தது.

நிற்க. அது மலைநாடு, நகரத்திலோ வானவழியின் கீழெல்லாம் மக்கள் தலைகளே. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், மருத்துவமனைப் பொருள்களுக்கென அமைந்த சிறுவிமானம் ஒன்று 2019 ஜனவரியில் ஏரியில் வீழ்ந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் மற்றொன்று, காப்புக்குடை விரிந்தும் அதன் கயிறு அறுந்தமையால், சிறுகுழந்தைகள் இருந்த இடத்திற்கு அணித்தே வீழ்ந்தது. எவருக்கும் ஊறு நேர்ந்திலது. பறத்தலை நிறுத்தி வைத்தனர். சாலையில் ஊர்திகளால் நாடோறும் மாள்வார் இலரோ என்பாரும் உளர். உளரே, ஆயின் சாலையில் நடப்பவன் ஊர்தி வருவதறிந்து ஒதுங்குகிறான். மணலில் விளையாடும் குழந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்குமோ?

எம்மை இதனினும் கவலைக்குள்ளாக்குவது வேறொன்று. இலண்டன் சோதனைக்கு விமானம் தந்த விங் என்னும் நிறுவனம், 2018-இல் ஆஸ்திரேலியத் தலைநகராகிய கான்பராவின் போனைதன் பகுதியில் வீடுதோறும் பொருள் கொணர்ந்தது. அப்பொருள்களுள் மருந்துக்கடைச் சரக்கும் இருந்தது, காப்பியும் இருந்தது. இரைச்சல் பொறாது அங்குள்ளார் முறையிட்டனர். மருந்தென்று சொல்லித் திறந்த வாயிலில் காப்பி நுழைவது எளிது. ஒருகால் நுழைந்ததை வெளியேற்றுதல் அரிது. தெருக்கோடியிலேயே மருந்துக்கடை இருக்க, இருமல் மருந்து வானத்திலிருந்து இறங்கவேண்டுவதில்லை.

ஈண்டு எம் குற்றத்தையும் ஒளியாது உரைப்போம். ஆம்புலன்ஸ் மணியோசை கேட்டு வழிவிடுவதற்கு மாறாக, அது பிளந்து சென்ற வழியிலேயே மோட்டார் சைக்கிளைப் பின்செலுத்தும் மாணாக்கர் எம்முள்ளும் உளர். தரைவழியைக் கெடுத்தவர் நாமே. வானவழியையும் கெடுப்போமாயின் பின்னர்ச் செல்லுதற்கு வழி ஏது?

ஆதலின் மருத்துவமனையிலிருந்து மருத்துவமனைக்கு, குருதியும் சோதனைப் பொருளும் உயிர்காக்கும் மருந்தும் மட்டும், வரையறுத்த வழியில் செல்க. ஆறும் இருப்புப்பாதையும் உள்ள நகரங்களில் அவற்றின்மீதே அவ்வழி அமைதல் கூடும். பள்ளிக் கூரைகளின்மீது வேண்டா. நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுத்துள்ளன. அப்படத்தை விரித்து வழி வகுக்கும் அதிகாரிகள், அதன் கீழ்க் குடியிருப்போரையும் அழைத்து, எவ்வேளையில் எத்தனை முறை பறக்கும், வீழ்ந்தால் யார் பொறுப்பு என்பவற்றை முன்னரே எடுத்துரைத்து, அவர்தம் விடையைப் பெற்ற பின்னரே முதல் விமானத்தை எழுப்புதல் வேண்டும்.