புதரை வெட்டினால் போதாது, கடமானை எண்ணுங்கள்!

முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்குச் சாயங்கால நேரத்தில் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். சாலையோரம் புதர் வெட்டிய குறுகலான பட்டையில் புள்ளிமான்கள் மேயும். கொஞ்சம் உள்ளே, மரத்தடியில், காதைத் திருப்பித் திருப்பி வண்டிச் சத்தத்தைக் கவனித்தபடி ஒரு கடமான் நிற்கும். படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். இவ்வளவு பெரிய காடு இருக்க, கூச்சம் மிகுந்த அந்த விலங்கு ஏன் தார்ச்சாலை ஓரத்துக்கு வருகிறது? அது நிற்கும் இடத்துக்குப் பின்னால் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆள் மறையும் உயரத்துக்கு உன்னிச்செடி. அதற்கடியில் புல் கிடையாது.

தென்னிந்தியாவில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் ‘எல்க்’ என்று தவறாகப் பெயர் சொல்லிச் சுட்டது இந்தக் கடமானைத்தான். அன்று துப்பாக்கிக்குத் தப்பியது, இன்று தீனிக்குத் தவிக்கிறது. நம் காட்டு மான்களில் இதுவே பெரியது. நன்கு வளர்ந்த ஆண் கடமான் 250 கிலோவைத் தாண்டும். புலிக்கும் செந்நாய்க்கும் முக்கிய இரை. ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி என்பதால், எண்ணிக்கை ஒருமுறை சரிந்தால் மீண்டு வர நாளாகும்.

உன்னிச்செடி தோட்ட அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பில் அது பரவிவிட்டதாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதற்குத் துணையாக மஞ்சள் பூ பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். வெட்டிய அடிமரத்திலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். மான் அதில் வாய் வைக்காது. மேலே உதகைப் பக்கம், சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளில் சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டு வளர்த்தது அரசேதான். பழநி மலையில் மட்டும் 1973க்கும் 2014க்கும் இடையே 66 சதவீதப் புல்வெளி மறைந்துவிட்டது.

காட்டில் தீனி இல்லாத விலங்கு எங்கே போகும்? காட்டோரத்துத் தோட்டத்துக்குத்தான். பீன்ஸும் கேரட்டும் போட்ட விவசாயி இரவெல்லாம் தகரம் தட்டிக் காவல் இருக்கிறார். மான் தேடி வரும் பாதையில் சிறுத்தையும் வருகிறது. காட்டுக்குள் இரை குறைந்தால் புலியின் கண் ஊர் மாட்டின் மேல் விழுகிறது. ஆகவே இது மானின் பிரச்னை மட்டுமல்ல. விளைச்சலையும் மாட்டையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் பிரச்னை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்று 2022இல் தமிழ்நாடு தனிக் கொள்கையே வெளியிட்டது. 688 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முதுமலை புலிகள் காப்பகத்தில் வெட்டப்படும் சென்னா மரம் காகிதக் கூழுக்காகத் தமிழ்நாடு காகித ஆலைக்குப் போகிறது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உன்னிக் குச்சியில் ஆளுயரத்தையும் மிஞ்சும் யானைகள் செய்து லண்டன் வரை அனுப்பினார்கள். இவையெல்லாம் நல்ல வேலைகள்.

ஆனால் வெட்டிய பிறகு அந்த இடம் என்ன ஆகிறது? உன்னியை மேலாக வெட்டினால் அடுத்த மழையில் இரட்டிப்பாகத் தழைக்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். விழுந்து கிடக்கும் விதை முளைக்க முளைக்க, குறைந்தது மூன்று நான்கு ஆண்டுகளாவது நாற்றைப் பிடுங்க வேண்டும். வெறும் மண்ணாக விட்டால் பார்த்தீனியம் குடியேறும். அதனால் நாட்டுப் புல் விதையைச் சேகரித்து, நாற்றங்கால் போட்டு நட வேண்டும். சீகை மர நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்து வரும் இடங்களும் உண்டு. அங்கே கண்மூடித்தனமாக ரம்பம் வைக்கக் கூடாது.

இவற்றைச் செய்தோமா என்பதை யார் சொல்வது? கடமான்தான் சொல்ல வேண்டும். வரையாட்டைப் பாருங்கள். 25 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில் 2023இல் தனித் திட்டம் தொடங்கினார்கள். 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் என்று எண் வெளியானது. எண் தெரிந்ததால்தான் அடுத்த ஆண்டு கூடியதா, குறைந்ததா என்று மக்கள் கேட்க முடிகிறது. கடமானுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்.

நம் கோரிக்கை எளியது. களை அகற்றிய ஒவ்வொரு இடத்துக்கும் பராமரிப்புப் பணத்தை முதல் நாளே ஒதுக்குங்கள். வெட்டும் முன்பும், பின்பு ஆண்டுதோறும், கேமரா வைத்தும் புழுக்கை எண்ணியும் கடமான் வரவைப் பதிவு செய்யுங்கள். அந்த எண்ணை வனச்சரகம் வாரியாக ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். காட்டைக் கால்நடையாக அறிந்த இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் இளைஞர்களுக்கு இந்த வேலையை நிரந்தரச் சம்பளத்தோடு கொடுங்கள். புல் திரும்பும் வரை, பயிர் இழந்தவருக்கு அலைய விடாமல் இழப்பீடு கொடுங்கள்.

காட்டையும் வன உயிர்களையும் காக்கும் அதிகாரத்தை 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கே தந்திருக்கிறது. அந்த உரிமை பெற்ற ஊர்கள் அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பட்டும். வெட்டிய ஏக்கரைச் சொல்லி வேலை முடிந்தது என்றால் ஏற்காதீர்கள். அங்கே கடமான் மேய்கிறதா என்று கேளுங்கள்.