மெட்டு துருத்தியில் இருக்கிறது

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் மெல்லிசைக் குழு மேடையேறாத ஆண்டில்லை. அக்குழுவில் அக்கார்டியனுக்கு இனியும் இடம் வேண்டுமா, கீபோர்டு ஒன்றே போதாதா என்ற பேச்சு இவ்வாண்டு எழுந்திருக்கிறது. “அக்கார்டியனில் ஓசை வருகிறது, பாட்டு வரவில்லை” என்பது நண்பர் பலர் கூறும் குறை. குறை மெய்யே. ஆயினும் அது கருவியின் குறையன்று. அதைப் பழகும் முறையின் குறை என்பது என் துணிபு.

நம் இளைஞர்கள் அக்கார்டியனைத் தோளில் மாட்டியதும் முதலில் நாடுவது விரல் வேகம். வேகமாக வாசிப்பவனே வல்லவன் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. கருவியின் உள்ளமைப்பைச் சற்றே நோக்கினால் இவ்வெண்ணம் நில்லாது. பியானோவில் கட்டையை வலிந்து தட்டினால் ஒலி வலுக்கும்; மெல்லத் தொட்டால் மெலியும். அக்கார்டியனில் அவ்வாறில்லை. இங்கே கட்டை செய்யும் வேலை காற்றுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுவது மட்டுமே. எத்துணை வலிந்து அழுத்தினும் ஒலி பெருகாது. உள்ளேயுள்ள எஃகு நாக்கை அதிர வைப்பது துருத்தியிலிருந்து வரும் காற்று. இன்ன சுரம் என்பதை நாக்கின் நீளமும் கனமும் விறைப்பும் வரையறுக்கின்றன. அச்சுரம் வலுப்பதும் மெலிவதும், வளர்வதும் தேய்வதும் துருத்தியின் செயல். 1829-இல் வியன்னாவில் சிரில் டெமியான் என்பவர் இப்பெயருடைய கருவிக்கு உரிமைப் பட்டயம் பெற்ற நாளிலும் காற்றும் நாக்குமே அதன் உயிர், இன்றும் அப்படியே.

ஆகவே மெட்டு சிறக்க வேண்டுமானால், முதலில் பழக்க வேண்டியது துருத்தியை இயக்கும் இடக்கையை.

துருத்தியை இழுக்கும்போது ஒரு நாக்கும், அமுக்கும்போது அதற்கு இணையான மற்றொரு நாக்கும் ஒலிக்கின்றன. பியானோக் கட்டை வைத்த அக்கார்டியனில் இரண்டும் ஒரே சுரந்தான். ஆனால் திசை திரும்பும்போது, கண்ணிமைக்கும் நேரமேனும் காற்று நிற்கும். அந்த இடைவெளி எங்கே விழுகிறது என்பதிலேதான் பாட்டும் ஓசையும் வேறுபடுகின்றன. ‘தாமரை’ என்ற சொல்லைத் ‘தா’ என்று பாடி, மூச்சு வாங்கி, பிறகு ‘மரை’ என்று முடிப்பவனைப் பாடகன் என்போமா? சொல்லை அறியாமல் துருத்தியைத் திருப்புகிறவன் ஒவ்வோர் அடியிலும் இதைத்தான் செய்கிறான். பாடுகிறவன் மூச்சு வாங்கும் இடத்தில் துருத்தி திரும்பட்டும். நெடில் நீளும் இடத்தில் காற்றும் தளராமல் நீளட்டும். ‘பட்டு’, ‘பக்கம்’ போன்ற சொற்களில் வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் விரல் சற்று முன்னதாகவே கட்டையை விடட்டும். கேட்பவர் செவியில் சொல்லே எழுந்து நிற்கும்.

இதில் நமக்கென்று தனியானதொரு காரியமும் அடங்கியிருக்கிறது. நம் குழுவில் சேரும் தம்பி தங்கையர் சிலர் இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவர். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பாட்டை அவர்கள் மெட்டாக மட்டுமே அறிவர். அக்கார்டியனை முறையாகப் பழக வேண்டுமாயின் பாட்டின் சொல்லை அறிந்தே தீரவேண்டும். கீபோர்டும் நல்ல கருவிதான். ஆனால் மூச்சு எங்கே விடுவாய் என்று அது நம்மைக் கேட்பதில்லை. அக்கார்டியன் கேட்கிறது.

அடுத்த தொல்லை பாஸ் பொத்தான்கள். முழு அளவுக் கருவியில் வலப்புறம் 41 கட்டைகளும் இடப்புறம் 120 பொத்தான்களும் உண்டு. இரு புறத்துக்கும் காற்றைத் தருவது ஒரே துருத்தி. மெட்டை வலுவாகவும் பாஸை மெலிவாகவும் ஊதும் வழி அதில் இல்லை. எனவே பாஸைத் தொட்டவுடன் விட்டுவிட வேண்டும். மெட்டின் சுரத்தை முழு அளவும் தாங்கிப் பிடிக்க வேண்டும். நம் மேடையில் நடப்பதோ நேர்மாறு. பாஸ் முழங்குகிறது, மெட்டு அதனடியில் நசுங்குகிறது.

ரிஜிஸ்டர் தேர்விலும் கவனம் வேண்டும். 440 அதிர்வும் 442 அதிர்வும் உடைய இரு நாக்குகள் ஒருங்கே ஒலித்தால் நொடிக்கு 2 முறை ஒலி ஏறி இறங்கும். நடனப் பாட்டுக்கு அந்த அலைவு இனிமை தரும். தாலாட்டுக்கும் சோகப் பாட்டுக்கும் ஒற்றை நாக்கின் தெளிவே ஏற்றது.

“கமகம் வராத கருவியில் நம் இசை ஏது?” என்று கேட்போர் உண்டு. பழைய கேள்விதான். அக்கார்டியனுக்கு உறவான ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கி வைத்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்ல இக்கருவிகளால் இயலாது என்பதை மறுக்க வேண்டுவதில்லை. தோடியை இதில் இழுப்பது வீண் முயற்சி. ஆனால் முத்துசாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளைத் தழுவிச் சங்கராபரணத்தில் இயற்றிய நோட்டுசுர சாகித்தியங்கள் இருக்கின்றனவே! நேர்ச்சுரங்களால் ஆன அவை இக்கருவிக்கென்றே அமைந்தவை போலப் பொருந்தும். திரையிசையையும் நோக்குங்கள். ‘ஆராதனா’ (1969) படத்தில் ‘ரூப் தேரா மஸ்தானா’ பாட்டுக்குக் கெர்சி லார்டு வாசித்த அக்கார்டியனைக் கேளாதவர் நம் விடுதியில் இரார். பாடுவோர் நிறுத்தும் இடத்தில் அது பேசுகிறது. எண்ணிச் சில சுரங்களே.

பழகும் வழி எளிது. முதலில் பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். மூச்சு வாங்கும் இடங்களில் கோடிட்டுக் கொள்ளுங்கள். அடுத்து, ஒரே சுரத்தைப் பத்து எண்ணும் வரை மெலிவிலிருந்து வலுவுக்கும், மீண்டும் மெலிவுக்கும் நடுக்கமின்றிக் கொண்டு செல்லுங்கள். பின்பு, கோடிட்ட இடங்களில் மட்டும் துருத்தியைத் திருப்பி, மெட்டை வலக்கையால் மட்டும் வாசியுங்கள். ஒரு திங்கள் வரை பாஸைத் தொடவே வேண்டாம். வேகம் தானே வரும். வராவிட்டாலும் பெரிய நட்டமில்லை.

செயற்குழுவினருக்கு என் வேண்டுகோள் இதுவே: அக்கார்டியனை அலமாரியில் பூட்டுமுன் அடுத்த பொங்கல் வரை தவணை தாருங்கள். தாளங்கூட இல்லாமல், அக்கார்டியன் ஒன்றே ஒரு பாட்டின் மெட்டை வாசிக்கட்டும். அவையிலிருப்போர் சொற்களைத் தாமே முணுமுணுத்தால் கருவி குழுவில் இருக்கட்டும். இல்லையேல் அலமாரிச் சாவியை நானே கொண்டுவந்து தருகிறேன்.