மழைக்குப் பின் வரும் காய்ச்சல்

சென்ற ஞாயிறு இப்பகுதியில் யாம் கேட்ட வினாக்கள் இரண்டு. டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியா என்பவற்றை உண்டாக்கும் கிருமிகள் எவ்வெவ்வினத்தைச் சேர்ந்தவை என்பது ஒன்று. அம்மூன்றனுள் பென்சிலினுக்குப் பணிவது எது என்பது மற்றையது.

முதல் வினாவில் மாணவர்கள் பெரும்பாலும் தவறவில்லை. டெங்கு வைரசினால் வருவது. எலிக்காய்ச்சல் பற்றீரியாவினால் வருவது. மலேரியா பிளாஸ்மோடியம் என்னும் ஒருகல உயிரினால் வருவது. பாடநூலிற் கண்டவாறே எழுதிவிட்டார்கள். இடறியது இரண்டாவதில். மூன்றுக்கும் பென்சிலின் உதவும் என்றவர் பலர். காய்ச்சல் எதுவாயினும் ஒரு காவலுக்குக் கொடுத்துவைப்பது நல்லது என்று எமக்கே புத்தி கூறியவரும் உளர். முதல் விடையைச் சரியாக எழுதிய கைதானே இரண்டாவதைப் பிழையாக எழுதியிருக்கிறது! இனத்தை அறிந்தவனுக்கு மருந்தும் தெரியவேண்டாமா?

பற்றீரியாவுக்குக் கலச்சுவர் உண்டு. அச்சுவரைக் கட்டவிடாமற் செய்வதே பென்சிலினின் தொழில். சுவர் பழுதுற்றால் கிருமி வெடித்து மடியும். வைரசுக்குக் கலமே இல்லை. அது எமது கலத்தினுட் புகுந்து, அங்குள்ள கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்வது. இடிப்பதற்குச் சுவர் எங்கே? பிளாஸ்மோடியத்துக்குக் கலமுண்டு, ஆனால் அத்தகைய சுவர் இல்லை. ஆகவே விடை எலிக்காய்ச்சல் ஒன்றே. டொக்சிசைக்கிளின் மலேரியாவுக்கும் பயன்படுமே என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். மெய்தான், அதனாலேயே பென்சிலின் என்று குறிப்பிட்டுக் கேட்டோம். கெட்டிக்காரி.

எலிக்காய்ச்சலைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 2024 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையால் வடபகுதி வெள்ளக்காடாயிற்று. டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே 'இனந்தெரியாத காய்ச்சல்' என்ற பேச்சு எழுந்தது. சிலர் சில நாட்களுக்குள்ளேயே உயிரிழந்தனர். இரத்தத்தைப் பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சல் எனத் தெரிந்தது. 1915இல் யப்பானிய அறிஞர்களான இனாடா, இடோ என்போர் கண்டறிந்த பழைய பகைதான் அது. லெப்டோஸ்பைரா என்னும் அச்சுருள்வடிவக் கிருமி எலியின் சிறுநீரகத்திலே, பெரும்பாலும் எலிக்குத் தீங்கின்றி, குடியிருக்கும். சிறுநீருடன் வெளிவந்து, சேற்றிலும் தேங்கிய நீரிலும் காத்திருக்கும். வெறுங்காலுடன் வயலில் இறங்குபவரின் காலிலுள்ள சிறு கீறலே அதற்கு வாயில். கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் என்பன தொடக்கக் குறிகள். காலந்தாழ்த்தினால் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பழுதுறும். வேளைக்கே தொடங்கினால் அன்ரிபயோற்றிக் இங்கே உயிர் காக்கும். நோய் வருமுன் காப்பதற்காக உழவருக்கு டொக்சிசைக்கிளின் குளிசைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் வழங்குவதும் உண்டு. வயல் வேலைக்குப் போகும் தந்தையருக்கு இதனைச் சொல்லவேண்டியவர்கள் வீட்டிலுள்ள மாணவர்களே.

டெங்குவும் இதே மழைக்காலத்தில், இதே தலையிடியும் உடல்நோவுமாக வருவது. ஆனால் அங்கே அன்ரிபயோற்றிக் ஒன்றும் செய்யாது. ஓய்வும் நீராகாரமும் வைத்தியரின் கண்காணிப்புமே வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் போதும்; அஸ்பிரினும் இபுபுரொபனும் இரத்தப்பெருக்குக்கு இடங்கொடுக்கும்.

மலேரியாவைப் பற்றி இன்று அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோன அந்நோய் ஒழிந்ததென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் அதனைக் காவும் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. பிறநாடு சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், போய்வந்த இடத்தை வைத்தியருக்கு மறவாது சொல்லவேண்டும்.

விடைகளுக்கிடையே வன்னியிலிருந்து ஒரு தாயாரின் கடிதமும் வந்தது. "மாஸ்ரர், மகனுக்குக் காய்ச்சல். போன முறை மிஞ்சின அன்ரிபயோற்றிக் குளிசை நாலு வீட்டில் இருந்தது. அதைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. நான் செய்தது பிழையா?"

அம்மா, அந்தத் தகரப்பெட்டி எமது வீட்டு அலுமாரியிலும் இருந்தது. தடிமன் பிடித்த ஒரு நாள் அதிலிருந்து இரண்டு குளிசைகளை எடுத்து விழுங்கிவிட்டு, மறுநாள் வகுப்பிலே வைரசைப் பற்றிப் பாடம் நடத்தியவன் யான். ஆகவே கோபிக்க எமக்கு உரிமையில்லை. ஆனால் உங்கள் மகனின் காய்ச்சல் குளிசையாலேதான் விட்டதென்று எப்படிச் சொல்வது? வைரசுக் காய்ச்சல்கள் பல தாமாகவே விடும். டெங்குவாயின், காய்ச்சல் இறங்கும் அந்த மூன்றாம், நான்காம் நாட்களே கண்டம். அப்போதுதான் இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியத் தொடங்கும். வயிற்று நோவு, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் என்பன கண்டால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். மூன்று காய்ச்சல்களும் தொடக்கத்தில் ஒரே முகத்துடன் வருவதால், அவற்றைப் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை வேண்டும். மகன் இப்போது நலமென்று ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்குரிய வினா: நாய் கடித்த காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் ஓடும் நீரிற் கழுவியபின் தடுப்பூசிக்குச் செல்லவேண்டும் என்பது விதி. விசர்நோய் வைரசைச் சவர்க்காரம் என்ன செய்கிறது? காயத்திலே கோப்பித்தூள் அப்பும் வழக்கம் உங்கள் ஊரில் உண்டாயின், அதனையும் எழுதுக.