பந்தும் பட்டமும் பகையல்ல

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பந்தைப் பரணில் போட்டுவிட வேண்டும், விளையாடுகிற பிள்ளை படிக்காது என்ற பேச்சு தமிழ்க் குடும்பங்களில் எங்கும் கேட்பதுதான். எங்கள் ஊரான ரங்கத்திலும் அதற்குக் குறைவில்லை. பிள்ளையை மருத்துவராக்க நினைக்கும் வீடு என்றால் இது எழுதாத சட்டமாகவே ஆகிவிடுகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவரின் வாழ்க்கை இந்தச் சட்டத்தை நேரடியாகப் பொய்யாக்குகிறது.

தாலிமெரன் ஆவ் 1918-இல் நாகா மலையிலுள்ள சாங்கி கிராமத்தில் பிறந்தவர். தந்தை கிறிஸ்தவ ஊழியர். மகன் மருத்துவனாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1935-இல் அவர் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். மகன் குவஹாத்தியின் காட்டன் கல்லூரியில் படித்து, பிறகு கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்றைய ஆர்.ஜி.கர் கல்லூரி அதுதான். மாணவராக இருக்கும்போதே, 1943-இல், மோகன் பகான் கால்பந்து அணிக்குள் நுழைந்து அதன் தலைவராகவும் ஆனார். 1948 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தவரும் அவரே. ஜூலை 31 அன்று, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அவருடைய அணி, பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் தவறவிட்டிருக்காவிட்டால் முடிவே வேறாகியிருக்கும். 1950-இல் ஆவ் எம்.பி.பி.எஸ். முடித்தார். பிறகு நாகாலாந்து திரும்பி அரசு மருத்துவராகப் பணியாற்றி, மாநில சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்தார்.

அவர் அபூர்வப் பிறவி, எல்லாப் பிள்ளையும் அப்படியா என்று கேட்பார்கள். அபூர்வமானது அவர் எட்டிய உயரம். நம் பிள்ளையிடம் நாம் கேட்பது ஒலிம்பிக் தலைமை அல்லவே, மாலையில் ஒரு மணி நேர ஆட்டம்தான். நாட்டின் முதல்தர அணி ஒன்றின் பயிற்சிச் சுமையோடு மருத்துவம் படித்து முடிக்க முடிந்திருக்கிறது என்றால், பள்ளி மைதானத்து ஆட்டம் படிப்பைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே?

அந்தக் காலத்தில் போட்டி குறைவு என்பது அடுத்த வாதம். இன்றைய நுழைவுத் தேர்வின் நெருக்கடியை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தந்தையை இழந்த ஒரு மலைக்கிராமத்துப் பையனுக்குக் கல்கத்தா எவ்வளவு தூரம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ரங்கத்திலிருந்து கடல் கடந்து படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அந்தத் தூரம் புரியும். மோகன் பகானில் சேர்ந்தபின் பட்டம் கிடைக்க அவருக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. ஆட்டத்தால் ஓரிரு ஆண்டு தாமதமானது என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் மக்களுக்குக் கிடைத்த மருத்துவரை அந்தத் தாமதம் பறித்துவிடவில்லை.

இது ஓர் ஊரின் விதிவிலக்கும் அல்ல. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (அது வேறு ஆட்டம்) தொடக்க காலமான 1890-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஜான் அவுட்லேண்டும் மருத்துவரானவர்தான். அங்கே கல்லூரி ஆட்டத்தின் சிறந்த உள்வரிசை வீரர் ஒருவருக்கு ஆண்டுதோறும் வழங்கும் அவுட்லேண்ட் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது.

படிப்பு சரியும்போது காரணத்தைத் தூக்கத்திலும் கைப்பேசியிலும் கற்பித்தலிலும் தேடாமல் பந்தின் மீது பழிபோடுவது சுலபம். ரங்கத்தின் பெற்றோரே, மருத்துவக் கனவோடு வளரும் பிள்ளைக்கு அந்த மாலை நேரத்தை விட்டுவையுங்கள்.