குழந்தையின் தலையில் புண்ணா? தடவும் முன் கொஞ்சம் பாருங்கள்!



எங்கள் தெருவுக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வருவாள். கடுக்காய், தேன், அந்தந்தப் பருவத்தில் சீத்தாப்பழம் என்று ஏதாவது கொண்டு வருவாள். வெள்ளிமலைப் பக்கம் ஒரு சின்ன ஊர். விடிகாலையில் பஸ் பிடித்து, மலை இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். ஒரு கோடையில் தன் ஐந்து வயசுப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். அந்தக் குழந்தை தலையில் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு திண்ணை ஓரமாக உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, இந்த வேகாத வெயிலில் பிள்ளைக்குத் துண்டு எதுக்கு?" என்றேன்.

"தலையில புண்ணு அக்கா. மத்த புள்ளைங்க கேலி பண்ணுதுன்னு துண்டை எடுக்கவே மாட்டேங்குது. அங்கன்வாடிக்கும் போகலை" என்றாள்.

மெதுவாகப் பேசி, கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துத் துண்டை எடுத்துப் பார்த்தேன். மொட்டை அடித்திருந்தார்கள். வட்டமாக இரண்டு இடத்தில் வெள்ளை வெள்ளையாகச் செதில். அதன் நடுவே முடி ஒடிந்து கறுப்புப் புள்ளி மாதிரி நின்றது. ஒரு பக்கம் லேசாக வீங்கியும் இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஊமத்தை இலைச் சாறு தடவியிருக்கிறாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி ஒரு தலையை 2014-இல் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் சின்ன மகனின் தலை அது.

நான் செய்த தப்பு

அப்போது அவன் இரண்டாம் வகுப்பு. தலை சீவி விடும்போது காதுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி இல்லாததைப் பார்த்தேன். என் மாமியார், "புழுவெட்டும்மா, சின்ன வெங்காயத்தைத் தேய்" என்றார். தேய்த்தேன். எரிகிறது என்று பிள்ளை அழுதான், விடவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். சிவப்பு அடங்கியது, அரிப்பும் குறைந்தது. அப்பாடா என்றிருந்தேன். ஆனால் வட்டம் மட்டும் பெரிசாகிக்கொண்டே போயிற்று. இரண்டு மாதத்தில் அந்த இடம் மெத்தென்று வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. கட்டி என்று நினைத்து ஒருவர் கீறியும் விட்டார். சீழ் கொஞ்சம்தான் வந்தது, ரத்தம்தான் நிறைய வந்தது.

கடைசியில் சேலத்துக்கு ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். அவர் செதிலையும் ஒடிந்த முடியையும் கொஞ்சம் சுரண்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "இது புழுவெட்டும் இல்லை, கட்டியும் இல்லை. தலையில் வந்த படர்தாமரை. காளான் இனத்தைச் சேர்ந்த கிருமி. நீங்கள் போட்ட டியூபில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது மேலே சிவப்பை அடக்கிவிட்டு அடியில் கிருமியை நன்றாக வளர விட்டிருக்கிறது" என்றார்.

மாத்திரையில் குணமாயிற்று. ஆனால் வீங்கிச் சீழ் வைத்த இடத்தில் முடிவேர் செத்துவிட்டது. இன்றைக்குக் காலேஜுக்குப் போகும் பிள்ளை, அந்தக் கட்டைவிரல் அளவு வழுக்கையை மறைக்கத் தினமும் கண்ணாடி முன்னால் நின்று முடியை ஒரு பக்கமாக இழுத்துச் சீவுகிறான். அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் உறுத்துகிறது. அந்த இரண்டு மாதம் நான் தடவினேனே தவிர, பார்க்கவில்லை. அதனால்தான் இந்தத் தடவை இதை எழுத உட்கார்ந்தேன்.

எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாத் தலைப் புண்ணும் ஒன்றில்லை. நல்ல வெளிச்சத்தில் குழந்தையை மடியில் படுக்க வைத்து, முடியைப் பகிர்ந்து பாருங்கள்.

கைக்குழந்தையின் உச்சியில் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு பொருக்குக் கட்டினால் பயப்பட வேண்டியதில்லை. பிறந்த சில வாரங்களில் வரும். பெரும்பாலும் ஒரு வயசுக்குள் தானே போய்விடும். குழந்தைக்கு அரிப்பு இருக்காது, தாய் சுத்தமில்லாததால் வருவதும் இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டவும் ஒட்டாது. இதைக் கரப்பான் என்று சொல்லி, பால் கொடுக்கிற பெண்ணுக்கு முட்டை கூடாது, கத்தரிக்காய் கூடாது என்று பத்தியம் வைக்கிறார்கள். பாவம், அவள்தான் இளைத்துப் போகிறாள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊற விட்டு, மெல்லிய துணியால் லேசாகத் துடைத்து, குழந்தை சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவினால் போதும். நகத்தால் பிய்க்கக் கூடாது. நீர் கசிந்தாலோ, ரொம்பச் சிவந்து உடம்புக்குப் பரவினாலோ, ஒரு வயசுக்கு மேலும் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

முடி கொட்டிய இடம் வழவழவென்று, செதிலோ அரிப்போ இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் புழுவெட்டு. பெயர்தான் அப்படி, புழு ஒன்றும் வெட்டுவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேரையே பகையாக நினைப்பதால் வருவது. இது ஒட்டாது. பல பேருக்குத் தானே முடி முளைத்துவிடும். ஆனாலும் டாக்டர் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

வட்டமாகச் செதில், அரிப்பு, ஒடிந்த முடி, கறுப்புப் புள்ளி, காதுக்குப் பின்னாலோ கழுத்திலோ நெறி கட்டுதல், இப்படி இருந்தால் படர்தாமரை என்று சந்தேகப்பட வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும். சீப்பு, துண்டு, தொப்பி, தலையணை, சவரக்கத்தி வழியாக ஒட்டும். சில வகை பூனைக்குட்டி, நாய்க்குட்டியிடமிருந்தும் வரும்.

பின்மண்டையிலும் காதோரத்திலும் சொறிந்து சொறிந்து புண்ணாகி, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தால் முதலில் பேன், ஈறு இருக்கிறதா என்று பாருங்கள். புண்ணை மட்டும் ஆற்றினால் போதாது, பேனையும் ஒழிக்க வேண்டும். வெயில் காலத்தில் வலியோடு சிவந்து வருகிற வேனல் கட்டி வேறு. அது மாம்பழம் தின்றதால் வருவதில்லை. வேர்வையும் அழுக்கும் சேர்ந்த இடத்தில் கிருமி புகுவதால் வருவது. ஜுரமும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது.

படர்தாமரைக்கு ஏன் மாத்திரை?

"மேலே தடவினால் போதாதா? சின்னக் குழந்தைக்கு மாத்திரை எதுக்கு?" என்று நானும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். கையில் காலில் வந்தால் களிம்பு போதுமாம். தலையில் வந்தால் கிருமி முடிக்குள்ளும் வேருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. களிம்பு அங்கே எட்டாது. மாத்திரை ரத்தத்தின் வழியாக வேருக்குப் போய், புதிதாக முளைக்கிற முடியைக் காப்பாற்றுகிறது.

இந்த மாத்திரை இல்லாத காலத்தில் குழந்தைகள் பட்ட பாட்டைப் பிறகு படித்தபோது மனசு பதறியது. கிருமி பிடித்த முடி உதிர வேண்டும் என்று தலைக்கு எக்ஸ்ரே கொடுத்திருக்கிறார்கள். இஸ்ரேலில் 1940-களின் கடைசியிலும் 1950-களிலும், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் குடியேறிய ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இப்படிச் செய்தார்கள். பல வருஷம் கழித்து அவர்களில் பலருக்கு மூளையிலும் தைராய்டிலும் கட்டிகள் வந்தன. 1994-இல் அந்த நாட்டில் நஷ்ட ஈட்டுக்குச் சட்டமே போட வேண்டி வந்தது. க்ரிசியோஃபுல்வின் என்ற மருந்தை 1939-இலேயே ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்து எடுத்திருந்தார்கள். அதை வாய் வழியே கொடுத்தால் இந்த நோய் தீரும் என்று கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஜென்டில்ஸ் 1958-இல் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துக் காட்டினார். இன்றைக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற மருந்துகளில் அது ஒன்று. அத்தனை குழந்தைகளுக்குக் கிடைக்காதது நம் பிள்ளைகளுக்கு ஒரு மாத்திரையாகக் கிடைக்கிறது. அதைக் கொடுக்கத் தயங்கலாமா?

ஆனால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. முன்பு மஞ்சள் காமாலை வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். க்ரிசியோஃபுல்வின் பால், நெய், முட்டை போலக் கொழுப்புள்ள ஆகாரத்தோடு நன்றாக உடம்பில் சேரும். ஆறிலிருந்து எட்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முடி முளைக்கிறதே என்று பாதியில் நிறுத்தினால் மறுபடியும் வரும்.

இவற்றை மட்டும் செய்யாதீர்கள்

ஊமத்தை விஷச்செடி. புண் வழியாக உடம்பில் ஏறினால் குழந்தைக்கு ஆபத்து. கண்ணில் பட்டாலும் கெடுதல்.

பேனுக்கு மண்ணெண்ணெய் தடவாதீர்கள். அதைவிட மோசம், வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து. எங்கள் பக்கம் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிற வீடுகளில் ஒரு மூலையில் மருந்து பாட்டில் இருக்கும். "செடியில் பூச்சி சாகுது, தலையில் பேன் சாகாதா?" என்று நினைத்துவிடக் கூடாது. பேனோடு பிள்ளையும் போய்விடும். பேனுக்கென்றே பெர்மெத்ரின் லோஷன் இருக்கிறது. அட்டையில் சொன்னபடி போட்டுக் கழுவி, ஈறிலிருந்து புதிதாகப் பொரித்தவை சாக ஏழிலிருந்து பத்து நாளில் மறுபடியும் போட வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது. தலையைப் புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைக்கு டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அதோடு ஈரத் தலையில் பேன் சீப்பால் பொறுமையாக வாரி எடுக்க வேண்டும்.

மெத்தென்று வீங்கிய தலைக் கட்டியைக் கீற விடாதீர்கள். முதலில் டாக்டர் பார்க்கட்டும். பெயர் தெரியாத டியூபையும் வாங்காதீர்கள்.

குலதெய்வத்துக்கு முடி இறக்குவது நம் வழக்கம், அது நடக்கட்டும். ஆனால் புது பிளேடு கேட்டு வாங்கிப் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். தலையில் புண் இருந்தால் ஆறும்வரை தள்ளி வையுங்கள், தெய்வம் கோபிக்காது. மொட்டை அடிப்பதால் படர்தாமரை போய்விடாது. வேரில் இருக்கிற கிருமி வேரிலேயேதான் இருக்கும்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோர் தலையையும் பாருங்கள். சீப்பும் துண்டும் தனித்தனியாக இருக்கட்டும். துண்டு, தலையணை உறையை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காய வையுங்கள். சீப்பையும் சோப்பு நீரில் கழுவுங்கள். வைத்தியம் ஆரம்பித்த பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம். ஒதுக்கி வைக்க வேண்டாம்.

எங்கே போவது?

எங்கள் கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டம் ஆயிற்று. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்து, 2022 ஜனவரியில் திறந்து வைத்தார்கள். என்னைப் போல இதற்காகச் சேலத்துக்கு ஓட வேண்டியதில்லை. மலையில் இருக்கிறவர்கள் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தில், டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் தோல் நோயும் உண்டு. அந்த நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, பிள்ளையின் தலைத் துண்டை எடுத்துக் காட்டுங்கள்.

அந்த மலைப் பெண்ணிடம் என் மகனின் போட்டோவைக் காட்டி எல்லாம் சொன்னேன். "பஸ்ஸுக்குக் காசு, ஒரு நாள் வியாபாரமும் போகும் அக்கா" என்று தயங்கினாள். அன்றைக்கே நான் கூடப் போய்ச் சிறுவங்கூரில் காட்டினோம். மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் என்று நேரத்தைச் சொல்லி, தீர்வதற்குள் மறுபடி வர வேண்டிய தேதியைக் காலண்டர் தாளில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். தவறாமல் வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது குழந்தை தலையில் துண்டு இல்லை. நாற்று முளைத்த மாதிரி முடி வந்திருந்தது. வீங்கியிருந்த இடத்திலும் முளைத்திருந்தது. அங்கன்வாடிக்கும் போகிறதாம்.

என் பிள்ளைக்கு இரண்டு மாதம் தாமதம். அவளுக்கு அது நேராமல் போயிற்று. நீங்களும் நாளைக்குக் காலையில் தலை சீவி விடும்போது, ஒரு நிமிஷம் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் தலையைப் பாருங்கள், சகோதரிகளே.